அடுக்கிய இரண்டு நாற்காலிகள்

நான் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். எண்ணூர் போகும் சாலையில் லாரிகள் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும் இடம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து, திரையில் தெரியும் எண்ணைச் சீட்டில் அடித்து, சன்னலில் இருக்கும் ஓட்டை வழியாக நீட்டினால் போதும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. இத்தனை வருடம் ஒரே வேலையில் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். பதில் தெரிந்தால்கூடப் பள்ளிக்கூடத்தில் கை தூக்கியதில்லை.

என் மனைவி அப்படி இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்தாள். எங்கள் ஹவுசிங் போர்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தது பெண் என்றால் குளிப்பாட்டிப் புடவை கட்டுவது, தாடையைத் துணியால் கட்டுவது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் அவள் கைதான். அதன் பிறகு தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரல் எடுப்பாள். அவள் எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு அழுகை வரும். எதிர் பிளாக்கிலிருந்துகூட ஆள் அனுப்புவார்கள்.

சாவு வீட்டில் பெண்கள் தரையில்தான் உட்காருவார்கள். நாற்காலி பந்தலில் ஆண்களுக்கு. யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. சொல்லவேண்டி வந்ததும் இல்லை.

இரண்டு வருடம் அவள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் படம் எடுத்துப் பார்த்தபோது, இடுப்பு மூட்டில் உருண்டையாக இருக்கும் எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிட்டது என்றார்கள். செத்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டும். நீண்ட நாள் கோணலாக நடந்ததில் குழியும் தேய்ந்திருப்பதால், ரோபோ கையின் உதவியோடு செய்தால் அளவு பிசகாது என்று டாக்டர் சொன்னார்.

ரோபோ என்றதும் அவள் பயப்படவில்லை. "அப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க டாக்டர்? பக்கத்துல நின்னு வேடிக்கை பார்ப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு எங்களைக் கம்ப்யூட்டர் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். ஸ்கேனில் எடுத்த அவளுடைய இடுப்பு எலும்பு திரையில் சுழன்றது. குடைய வேண்டிய இடம் மட்டும் பச்சையாக இருந்தது. கருவியைப் பிடித்துக் குடைவது தன் கைதான் என்றும், அந்தக் கையைத் தாங்கிப் பிடித்திருப்பது இயந்திரம் என்றும் சொன்னார்.

"இந்தப் பச்சையைத் தாண்டி நான் தள்ளினாலும் அது விடாதும்மா. அங்கேயே நின்னுடும்."

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடைமேடையில்கூட அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய லாரி வந்தால் திரை சிவப்பாகும். ஆனால் லாரி நிற்காது. நானும் நிறுத்தியதில்லை. சீட்டை அடித்துக் கொடுத்துவிடுவேன்.

ஆபரேசன் நன்றாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தாள். வீட்டுக்கு அனுப்பும் முன்பு, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மூன்று மாதத்துக்கு மூன்று விஷயம் கூடாது என்றாள். இடுப்பை அதிகமாக மடக்கிக் குனியக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. தரையில் உட்கார்ந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் நடந்துவிடும், புது மூட்டின் உருண்டை, குழியில் பொருத்திய கிண்ணத்திலிருந்து நழுவிவிடும், அப்புறம் கால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"வலி கொறைஞ்சதும் அவங்க மறந்துடுவாங்க சார். நீங்கதான் சொல்லணும். எத்தனை பேர் இருந்தாலும் சொல்லணும்."

நான் தலையாட்டினேன். மூன்றையும் தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

உட்காரும்போது முட்டியைவிட இடுப்பு மேலே இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வு. அதனால் ஒரு நாற்காலிக்குள் இன்னொன்றைச் செருகி, அதன் மேல் போர்வையை மடித்துப் போட்டேன். சரியான உயரம் வந்தது. வீட்டில் அவளுக்கு அதுதான் சிம்மாசனம்.

நான் வேலைக்குப் போன பிறகு அவளைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டுப் பெண். மாநகராட்சி ஒப்பந்தத்தில் தெருக்கூட்டும் வேலை செய்தவள். விடியும் முன்பே போய் மதியம் திரும்புவாள். தன் வீட்டுக்குள் நுழையும் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியைக் குளியலறையில் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். எங்கள் மகள் கைக்குழந்தையோடு பொன்னேரியில் இருந்ததால் அவளால் வந்து தங்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண் வந்திராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேசுவது எனக்குக் கேட்டது.

"யக்கா, ஆபரேசன் பண்ண ரோபோ வெச்சிகிறாங்கோ. முதுவு தேய்க்க ஒண்ணு குடுத்தனுப்பக் கூடாது? நான் எத்தினி நாளு தேய்க்கிறது?"

"நீ சாவு, உனுக்கு நான் தேய்ச்சி உடறேன். சரியாப் பூடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தத்தை மீறி அந்தச் சிரிப்பு வந்தது. சாவைப் பற்றி எங்கள் பக்கம் அப்படிப் பேசுவது சகஜம்.

ஐந்தாவது வாரத்தில் அவள் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு நடந்தாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது வேலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம்தான் எதிர்வீட்டுப் பெண் இறந்தாள். தெருவில் கூட்டிக்கொண்டிருந்தவள், மூச்சு வாங்குது என்று ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே போய்விட்டாள். நாற்பது வயதுகூட முடியவில்லை.

போன் வந்து நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. உடலை எந்நேரம் கொண்டுவருவார்கள் என்று கேட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. தரையில் மட்டும் உட்காரக் கூடாது என்றேன்.

"தெரியும். நீ சேரை எடுத்துகினு என் பின்னாலயே வா. தலைமாட்டாண்ட போடு. நான் அதுல குந்திக்கிறேன்."

"யாராச்சும் எதுனா சொல்லுவாங்கோ."

"சொல்லட்டும். நீ போட்டுடு."

அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவளை உட்காரவைப்பது என் பொறுப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இரண்டு பிளாக்குக்கும் நடுவில் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் உடலை வைத்திருந்தார்கள். மதியம் இரண்டு மணி இருக்கும். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். செருகிய இரண்டு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு, மடித்த போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன். கீழே வந்ததும் பெண்கள் வழி விட்டார்கள். அவள் உள்ளே போனாள். நான் நாலு அடி பின்தங்கிவிட்டேன்.

அப்போது இறந்தவளின் கொழுந்தன் குறுக்கே வந்தான். பந்தல், மாலை, ஆட்கள் எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் நாற்காலிகளைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"கரெக்டா கொண்டாந்தே நைனா. பெரியவங்க ரெண்டு பேரு நின்னுகினே கீறாங்கோ. குடு."

நான் விட்டுவிட்டேன். பிடுங்கவில்லை அவன். கை நீட்டினான், நான் கொடுத்தேன். அவன் இரண்டையும் பிரித்துப் போட்டான். கொடுங்கையூரிலிருந்து வந்திருந்த இரண்டு வயதானவர்கள் உட்கார்ந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து நன்றியாகத் தலையசைத்தார். எழுந்திருங்கள், அது என் மனைவிக்கு என்று சொல்லவேண்டும். வாய்க்குள் வாக்கியம் முழுசாக இருந்தது. சாவு வீட்டில், அத்தனை ஆண்களுக்கு நடுவில், உட்கார்ந்துவிட்ட பெரியவரை எழுப்ப என்னால் முடியவில்லை. வேறு நாற்காலி காலியாகும், வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போர்வை மட்டும் கக்கத்தில் இருந்தது.

பெட்டியின் தலைப்பக்கம் போய் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த இறந்தவளின் தாய், "என் பொண்ணை வந்து பாரும்மா" என்று இரண்டு கைகளையும் அவளை நோக்கித் தூக்கினாள். என் மனைவி கைத்தடியைக் கீழே வைத்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தாழ்ந்தாள். உட்கார்ந்தாள். முன்னால் சாய்ந்து அந்தத் தாயின் கழுத்தைக் கட்டினாள். அதே நேரத்தில் அவள் அலறினாள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி, "பாரேன், இன்னா பாசம்" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் அத்தனை பேரும் குரல் எடுத்தார்கள். அந்தத் தாய் அவளை இன்னும் இறுக்கினாள். பின்னால் இருந்தவர்கள் மேலே விழுந்து கட்டிக்கொண்டார்கள்.

எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக அவள் அழுகையைக் கேட்டவன். அவளுடைய ஒப்பாரி அடியில் தொடங்கி மெல்ல ஏறும். இது உச்சியில் தொடங்கியது. நான் பெண்கள் கூட்டத்தின் ஓரம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வைக்க இடமில்லை. அதாவது, பெண்களை மிதித்துக்கொண்டு போனால்தான் இடம். ஓரத்தில் இருந்தவளிடம் குனிந்து, என் மனைவிக்கு இடுப்பு மூட்டு நழுவிவிட்டது என்று சொன்னேன். பறைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் அதே குரலில்தான் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பறை ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கியது ஞாபகம் இருக்கிறது. கடைசியில் என் மனைவியே ஒரு கையை வெளியே எடுத்து, மேலே கிடந்தவர்களைத் தள்ளினாள். அப்போதுதான் யாரோ அவள் காலைப் பார்த்தார்கள். இடது கால் குட்டையாகி, பாதம் உள்பக்கம் திரும்பிக் கிடந்தது.

என் கக்கத்தில் இருந்த போர்வையை விரித்து அதில்தான் அவளைத் தூக்கினார்கள்.

ஆம்புலன்சில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் வண்டி நகர்ந்து நகர்ந்து போனது. குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். நடுவில் ஒருமுறை கேட்டாள்.

"அவள குளிப்பாட்டுனது யாரு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மயக்கம் கொடுத்து, காலை இழுத்து, உருண்டையைத் திரும்பக் கிண்ணத்தில் சேர்த்தார்கள். ஆபரேசன் செய்த டாக்டர் புதிய எக்ஸ்ரேயைப் பழையதோடு வைத்துக் காட்டினார். கிண்ணம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. தரையில் உட்காரக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

"சொன்னாங்க சார்" என்றேன்.

அவர் இரண்டு படங்களையும் உறைக்குள் போட்டார்.

மறுநாள் காலை, பாதத்தை மேலே தூக்கச் சொல்லி நர்ஸ் கேட்டபோது அது அசையவில்லை. மூட்டுக்குப் பின்னால் போகும் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார்கள். உருண்டை நழுவிய அந்த நொடியிலேயே அடிபட்டதா, நழுவிய பிறகு அழுந்திக் கிடந்ததில் கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில பேருக்குத் திரும்ப வரும், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஒன்றரை வருடமாகப் பொறுத்துப் பார்க்கிறோம். இடுப்பில் வலி இல்லை. மூட்டு நன்றாக இருக்கிறது. பாதம் மட்டும் தொங்குகிறது. கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டுதான் நடக்கிறாள். கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தூக்க முடியாதவளைச் சத்துணவுக் கூடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. வேறொரு ஆயா வந்துவிட்டாள்.

பிளாக்கில் எல்லோரும் மெஷின் மேல் பழி போட்டார்கள். மனுசன் கை பட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார்கள். என்னிடம் கேட்டபோது நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முதல் மாடியில் ஒரு அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போய், ஆபரேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எங்கள் கதையைக் கேட்டு அவர் போகவில்லை. அது தெரிந்த பிறகு ஒருநாள் படியில் நிறுத்தி, மெஷின் மேல் தப்பு இல்லைம்மா என்று சொன்னேன். எப்படி ஆனது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. "டாக்டரு உன்ன அப்டி சொல்லச் சொன்னாரா நைனா?" என்று சிரித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறிப்போனார். இன்னும் அப்படித்தான் ஏறுகிறார்.

அதன் பிறகு சாவுக்கு என் மனைவியை யாரும் கூப்பிடுவதில்லை. பாவம், அவளால் முடியாது என்று விட்டுவிட்டார்கள். பறைச் சத்தம் கேட்டால் சன்னல் ஓரம் வந்து நிற்பாள். கம்பியில் படிந்திருக்கும் நிலக்கரித் தூசியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

போன மாதம் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இறந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியும் என் மனைவியும் சிநேகிதம். யாரும் கூப்பிடவில்லை. அவளே பட்டையை மாட்டிக்கொண்டு கைத்தடியை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் இரண்டு நாற்காலிகளையும் செருகி எடுத்துக்கொண்டேன்.

பந்தலில் நுழைந்ததும் ஒருவர் கை நீட்டினார். யாரென்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் போடு என்றார். அவர் கை நாற்காலியின் காலைப் பிடித்தது. நான் விடவில்லை.

"இது என் பொண்டாட்டிக்கு. அவ கீய குந்தக் கூடாது."

பறை அடித்தவர்கள் அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள் போலிருக்கிறது. என் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. எனக்குக் காது சுட்டது. அந்த ஆள் உடனே கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். பெண்கள் நடுவில் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி தன் கால்களை மடக்கி வழி விட்டாள்.

"சொன்னாத்தான தெரியும். இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்? போடு நைனா."

மற்றவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தலைமாட்டில் இடம் கிடைத்தது. நாற்காலியைப் போட்டு, போர்வையை வைத்தேன். என் மனைவி உட்கார்ந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் குரல் எடுத்தாள். மற்றவர்களும் அழுதார்கள். ஆனால் அவள் கழுத்து யாருக்கும் எட்டவில்லை. இறந்தவரின் மனைவி அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் மனைவி குனியாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் யாருமில்லாத இடத்தைப் பார்த்து அழுதாள்.

உடலை எடுத்த பிறகு மாடிக்குத் திரும்பினோம். நல்ல காலை முதலில் வைத்து, பிறகு பட்டை போட்ட காலை இழுத்து வைப்பாள். பாதம் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் தட்டும். முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றாள்.

"இன்னிக்கி குடுக்கல போல" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ என் கையிலிருந்து நாற்காலிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள் என்று ஒன்றரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கிப் பார்த்தியா?"

"பார்த்துகினுதான இருந்தேன். அவன் கேட்டான், நீ குடுத்தே." சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியைப் பார்த்தாள். "நீ திருப்பி வாங்குவேன்னு கொஞ்ச நேரம் நின்னேன்."

நல்ல காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். நான் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, அவள் பாதம் படியில் தட்டும் சத்தத்தைக் கேட்டபடி, இரண்டு படி பின்னால் ஏறினேன்.